டோசிண்டா அத்தை காத்த வடக்குச் சுவர்

என் அத்தை டோசிண்டா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்றும் அவளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

கலீசியக் கரையில் எங்கள் சாந்த்ரெய்ரா ஊரில், கடல் வற்றும் நேரம் பார்த்து மணலில் மட்டிச் சிப்பி வாரிப் பிழைத்தவள் அவள். சனிக்கிழமை தோறும் ஊரின் பங்குக் கோயிலைக் கூட்டிப் பெருக்குவாள். எண்ணூறு வருடத்துக் கோயில் அது. கை நீட்டினால் மறுபக்கம் எட்டாத கனத்தில் கருங்கல் சுவர், அம்பு நுழையும் அளவுக்கே ஜன்னல், பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்த கட்டு. உள்ளே முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. புயல் நாட்களில் அலை கூரை வரை தெறிக்கும். ஆனாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது.

1971இல் ஒருநாள் துடைப்பம் பட்டு, வடக்குச் சுவரில் கையகலச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அடியில் காவி நிறத்தில் ஒரு துடுப்பு. அதைப் பிடித்த விரல்கள். பங்குச் சாமியார் எவரிஸ்தோவிடம் ஓடினாள்.

"சாமி, சுவத்துக்குள்ள பழைய படம் இருக்கு. வெவரம் தெரிஞ்ச யாரையாச்சும் கூட்டியாந்து காட்டுங்க."

"அது ஈரக் கறைம்மா. மட்டி வார்றவளுக்கு எதப் பாத்தாலும் துடுப்பாத்தான் தெரியும்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

கல் வெளியே தெரிந்தால்தான் பழைய கோயில் என்று அந்நாளில் சாமியார்களுக்கு ஒரு பித்து; சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொல்வார்கள். செப்டம்பரில் மட்டிக் கூடையோடு கரையேறிய அத்தை, கோயில் வாசலில் வெள்ளைப் புழுதி பறப்பதைப் பார்த்தாள். குப்பைக் குவியலில் ஒரு கண், பாதி மீன், பாய்மரத்தின் நுனி. உள்ளே கொத்தனார்கள் சாரத்தில் ஏறி நின்றார்கள்; மூன்று சுவர்கள் மொட்டையாகிவிட்டிருந்தன.

மட்டி வாரும் நீளக்காம்பு வாரியோடு போய் வடக்குச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"இறங்குங்கடா கீழ! அடுத்த அடி எவன் அடிக்கிறானோ அவன் மண்டையில இது இறங்கும்."

"சாமிதான் கொத்தச் சொன்னாரு அக்கா. எங்க மேல ஏன் பாயுற?"

எவரிஸ்தோ வந்தார். "டோசிண்டா, இது என் கோயில். தள்ளிப் போ."

"ஒங்க கோயிலா? நீங்க வந்து நாலு வருஷம் ஆகல. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு தடவ வந்து எட்டிப் பாத்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

போலீஸ் அவளை இழுத்துப்போய் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தது. கொத்த வந்தவர்களோ வெட்கப்பட்டு வேலைக்குத் திரும்பவில்லை. வடக்குச் சுவர் பிழைத்தது.

மற்ற சுவர்களின் கல் இடுக்குகளில் உப்பு ஏறியது. மழைக்காலப் பூசையில் தலையில் சொட்டியது. பதினேழு வருடம் கழித்து, மறுபடி சுண்ணாம்பு பூச அரசாங்கமே ஆள் அனுப்பியது. வந்த பெண் அதிகாரி வடக்குச் சுவரை மெல்லச் சுரண்டினாள். ஒரு படகும் துடுப்புப் போடும் ஆறு பேரும் வெளிப்பட்டார்கள்.

"ஐந்நூறு வருஷத்துப் படம்மா. நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க."

"மூணு சுவரு போச்சு. மொதல்ல அத எழுதிக்க," என்றாள் அத்தை.

முன்வாசல் மேல் ஒரு கல்வெட்டு இருக்கிறது, கோயிலைப் புதுப்பித்தவர் எவரிஸ்தோ என்று. "நான் செத்தா அந்தப் பேருக்குக் கீழ என்னையத் தூக்கிட்டுப் போகாதீங்க," என்று அத்தை எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அதனால் சவப்பெட்டியைப் பக்கத்துச் சிறு வாசல் வழியாகச் சாய்த்து நுழைத்தோம். என் விரல் மூட்டெல்லாம் கல்லில் உரசித் தோல் உரிந்தது. முன்வாசலில் காத்திருந்த புதுச் சாமியார் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

கல்வெட்டை இன்னும் யாரும் எடுக்கவில்லை.