மூன்றாம் மாடிக்காரர் எழுதிய என் கதை

என் முதல் கதையை ஓர் இணைய இதழுக்கு அனுப்பியபோது ஆண் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். அம்பத்தூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் நடந்த சண்டைதான் கதை. வாசலில் வைத்த செருப்பு ஸ்டாண்டுக்காக எதிரெதிர் வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டது. சொந்தப் பெயரில் போட்டால் அடுத்த நாள் லிஃப்டில் யார் முகத்தைப் பார்ப்பது? புனைபெயரின் முன்பாதிக்குத் தாமிரபரணியை எடுத்துக்கொண்டேன். நான் பார்த்திராத ஆறு. ஓசை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கதை வெளிவந்த வாரமே அதன் இணைப்பு எங்கள் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. எழுதியது யார் என்று ஒரே பேச்சு. ஆற்றின் பெயரை வைத்து எல்லோரும் மூன்றாம் மாடிக்காரரிடம் போய் நின்றார்கள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்; திருநெல்வேலிப் பக்கம். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார்.

அடுக்ககச் சங்கச் செயலாளர் இந்த ஊரிலேயே பிறந்தவர். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், கம்முனு இருந்துகினு நம்ம ஊட்டு சண்டையெல்லாம் எழுதிக்கீறீங்க!"

மூன்றாம் மாடிக்காரர் சிரித்தார். தான் எழுதவில்லை என்று சொல்வார் எனப் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் மனம் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். சோதிப்பது போலக் கேட்டேன்.

"சார், கடைசில அந்தப் பொண்ணு ஸ்டாண்டை எடுத்துடுறா. ஆனா செருப்பை மட்டும் ஏன் வெளியவே விடுறா?"

"அப்பத்தானம்மா எதிர்வீட்டுக்காரி என்னைக்காவது கூப்பிட்டு ஏசுவா. பேச்சு வந்துரும்லா?"

எழுதிய எனக்கே அது தோன்றியதில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

"சார், அதை எழுதினது நான்தான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் இல்லன்னு முதல்ல ரெண்டு பேருகிட்ட சொன்னேம்மா. தன்னடக்கம்னுட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வீட்டுக்கு வந்து பேச ஆரம்பிச்சாங்க. விட்டுட்டேன். நாளைக்கே உண்மையச் சொல்லிருதேன்."

"வேண்டாம் சார்" என்றேன். வந்து போகிறவர்கள் அவரிடம் என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒருபோதும் வந்திருக்காத கதைகள்.

அடுத்த கதையை முடித்ததும் அவருக்கு அனுப்பினேன். அன்று மாலையே கூப்பிட்டார்.

"நடுவுல கொஞ்சம் இழுக்கும்மா, சுருக்கிரு. நாளைக்கு நான் எழுதுனதாத்தான சொல்லுவாங்க."