நான் கழுவிவிட்ட ரோடு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சூரியநெல்லிப் பக்கம், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற வளைவில் நடந்தது. நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேர் வாங்கியவள். அந்த வாயே அன்றைக்கு அடைத்துப்போனது.

மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த என் அண்ணனும் மதினியும், கறி வாங்கக் கீழே கடைக்குப் பைக்கில் போனார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, டமார் என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், மேலே ஏறி வந்த ஒரு டூரிஸ்ட் கார் வளைவில் பைக்கோடு மோதிக் கிடக்கிறது. நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மதினிக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. அண்ணனுக்கு நினைவில்லை. ஜீப்பில் இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பினோம். வழி மறிக்கிறதே என்று ஆட்கள் பைக்கையும் காரையும் ஓரமாக நகர்த்தினார்கள். கார் ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் வேறு வண்டி பிடித்து நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

இனிமேல்தான் நான் செய்த காரியம். எங்கள் லயத்தில் ரத்தத்தை ரோட்டில் அப்படியே விட மாட்டோம். செத்தவளையே மிதித்துக்கொண்டு போகிற மாதிரி அது. எங்கள் மதினி ரத்தத்தின் மேல் யார் யாரோ வண்டி ஏற்றிப் போவதா? இரண்டு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஊற்றி, ஈர்க்குமாறால் தேய்த்துக் கழுவினேன். கண்ணாடித் துண்டு எல்லாம் மேட்டுப் பக்கம், அதாவது அண்ணன் இறங்கி வந்த பக்கம் சிதறிக் கிடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பக்கம் அது. காலில் குத்துமே என்று எல்லாவற்றையும் பெருக்கி, எதிர்ப் பக்கம், பள்ளத்து ஓரத்தில் குவித்துவைத்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. மூன்று பேரில் ஒருவர்தான் ஜீப்பை விட்டு இறங்கினார். ரோட்டை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடிக் குவியலைப் பார்த்தார். பானெட் மேல் பேப்பரை வைத்துக் கடகடவென்று எழுதினார். டேப் எடுக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை, யாராவது எதையாவது தொட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சேச்சி, இவிடெ ஒரு ஒப்பு" என்று பேனாவை நீட்டினார். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அவர் வாசித்தும் காட்டவில்லை. நானும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணனுக்கு நினைவு திரும்பியது. கோயிலில் இருந்து வந்ததுவரை ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மதினி போனதை நான்தான் சொன்னேன். பதினோராம் நாள் காலில் கட்டோடு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்றைக்கே ஸ்டேஷனில் இருந்து பேப்பர் வந்தது. தோட்ட ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். அண்ணன் ரோட்டைத் தாண்டிப் போய்க் கார் வந்த பக்கம் மோதி, தன் மனைவி சாவுக்குக் காரணமாகிவிட்டாராம். கண்ணாடி பள்ளத்துப் பக்கம் கிடந்தது அதற்கு ஆதாரமாம். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அப்ப நாந்தான் அவளக் கொன்னுட்டேனா?"

அட கடவுளே! நான் பெருக்கிவைத்த கண்ணாடி. அன்று ராத்திரி அண்ணன் கஞ்சித் தட்டைக் கையால் தொடவில்லை. மறுநாளும் இல்லை.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். "சார், கண்ணாடி அந்தப் பக்கம் கெடக்கல. நாந்தான் பெருக்கித் தள்ளுனேன்" என்றேன். அதே ஆள் சிரித்தார். "எழுதிக் கழிஞ்சு சேச்சி, முடிஞ்சு போச்சு. சேச்சிதானே ஒப்பு போட்டது? சாட்சியத்த அழிச்சேன்னு உங்க மேல கேஸ் எடுக்கட்டா?"

எனக்கு வந்ததே கோபம்! "எடுங்க சார், தாராளமா எடுங்க! ரத்தத்தக் கழுவுனவ மேல கேஸப் போடுங்க! வண்டிய விட்டு எறங்கி, குனிஞ்சு ஒரு தடவ பாத்தீகளா? இது யாரு பெருக்குனதுன்னு கேட்டீகளா?" ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

விபத்து வண்டிகளைச் சோதிக்கிற வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் அன்றைக்குத் தற்செயலாக அங்கே வந்திருந்தார். ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்த எங்கள் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். "கழுவினபோது ரோட்டில் வேறு ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். இத்தனை நாளில் முதல் கேள்வி அது. எனக்குப் பொறி தட்டியது. தாரில் ஒரு நீளக் கீறல் இருந்தது. அதில் மட்டும் ரத்தம் தங்கி நின்று, மூன்று தடவை தேய்த்தும் போகவில்லை.

அவர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். கீறல் அங்கேயே இருந்தது, மேட்டுப் பக்கம், அண்ணன் வர வேண்டிய பக்கத்திலேயே. டேப் வைத்து அளந்தார். ஸ்டேஷனில் அவர் ஏற்கெனவே பார்த்திருந்த பைக்கின் ஃபுட்ரெஸ்ட் வளைந்து, அதன் நுனியில் தார் ஒட்டியிருந்தது. விழுந்த இடம் அதுதான், கார்தான் பக்கம் மாறி வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

கேஸ் மாறியது. அண்ணன் பேரை எடுத்துவிட்டார்கள். புதுப் பேப்பரை நீட்டியது அதே ஆள்தான். மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "முதல்ல வாசிங்க சார்" என்று சொல்லி, கடைசி வரி வரைக்கும் வாசிக்க வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறார். ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறார், "நெசமாவே நான் என் பக்கந்தான் வந்தேனா தங்கச்சி?" என்று. வளைவுக்குக் கூட்டிப் போய் அந்தக் கீறலைக் காட்டுகிறேன். மடங்காத காலை நீட்டி, கஷ்டப்பட்டுக் குனிந்து, அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். அவர் குனியும்போதெல்லாம், அன்றைக்கு அந்தப் போலீஸ்கார மனுஷன் இதே இடத்தில் ஒரே ஒரு தடவை குனிந்திருந்தால் போதுமே என்று என் வயிறு பற்றி எரிகிறது.