ஒன்பது கெஜத்தில் துறையூர் வரை

சென்ற வாரம் ஒரு பெண் எழுதிக் கேட்டிருந்தாள்: "ஆடி மாதத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூருக்கு சைக்கிளில் போகலாமா? காற்று அதிகமாக இருக்குமாமே?" போகலாம். காற்று அதிகமாகத்தான் இருக்கும். அறுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் நான் போயிருக்கிறேன். கியர் கிடையாது, தலைக்கவசம் கிடையாது, அண்ணாவின் பழைய சைக்கிள். சாலை இப்போது அகலமாகிவிட்டது, ஆனால் காற்று மாறவில்லை. அதனால் நான் எழுதுவது உங்களுக்கும் உதவும்.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. கிராம சேவிகா வேலைக்குப் பயிற்சி முடித்திருந்தேன். ஊர் ஊராக சைக்கிளில் போய் குழந்தை வளர்ப்பு, புகையில்லா அடுப்பு, காய்கறித் தோட்டம் என்று பெண்களிடம் பேசுகிற வேலை. துறையூர் பக்கம் போட்டு, ஆடியிலேயே வந்து சேரும்படி உத்தரவு வந்தது. அப்பா பெரிய கோயிலில் தினமும் காலையில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் நிற்பவர். உத்தரவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஆடியில யாராவது வேலைல சேருவாளா? அதுவும் சைக்கிள் மிதிக்கற வேலை! ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவா, நீ எம்மாத்திரம்?"

"துறையூர் வரைக்கும் மிதிச்சுக் காட்டறேன் அப்பா. அப்பறம் சொல்லுங்கோ."

அப்பா யோசித்தார். பிறகு, அவர் வழக்கப்படி, ஒரு நிபந்தனை போட்டார். துறையூர் வரை நான் சைக்கிளோடு போய்ச் சேர்ந்துவிட்டால் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். நடுவில் எங்காவது பஸ் ஏறினால், ஆவணியில் கும்பகோணத்து வரனுக்கு நான் சரி சொல்ல வேண்டும். அந்தப் பையன் நல்லவன் என்றுதான் கேள்வி. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு அந்த வேலைதான் வேண்டியிருந்தது. கோஷ்டி முடிந்ததும் பஸ்ஸில் பின்னாலேயே வருவதாக அப்பா சொன்னார். நான் எங்கே விழுகிறேன் என்று பார்க்கத்தான், வேறெதற்கு?

இப்போது உடைப் பிரச்சினைக்கு வருகிறேன். வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள். பயிற்சியில் பெண்கள் சைக்கிள்தான் ஓட்டிப் பழக்கம். ஆறு கெஜப் புடவையோடு கம்பிக்கு மேலே காலைப் போட முடியாது. போட்டாலும் ஆடிக் காற்று புடவையைப் பாய்மரமாக்கி செயினில் கொண்டுபோய்ச் சுற்றிவிடும். முதல் நாள் சாயங்காலம் தெருக்கோடியில் ஒத்திகை பார்த்ததில் ஒரு புடவை கிழிந்ததுதான் மிச்சம். உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். கையில் அவளுடைய பழைய ஒன்பது கெஜம். எங்கள் வீடுகளில் அது கல்யாணமானவர்கள் மட்டுமே கட்டுகிற மடிசார். கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின்னால் செருகிக் கட்டுவது. கல்யாணமாகாத பெண் அதைத் தொட்டுக் கட்டுவது என்பது கேள்வியே படாத காரியம்.

"அம்மா, அப்பா என்ன சொல்லுவார்?"

"அவர் சொல்றதை அவர் சொல்லட்டும். இதைக் கட்டிண்டு நான் நாப்பது பேருக்குத் தளிகை பண்ணியிருக்கேன், காவேரில நீஞ்சியிருக்கேன். ஒரு தடவைகூட அவுந்ததில்லை. மூச்சை இழுத்துப் பிடி."

அவள் இழுத்துக் கட்டிய வேகத்தில் நான் ஒரு அடி நகர்ந்தேன். கூடத்தில் நின்ற சைக்கிளின் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டேன். போயிற்று. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். மொத்தம் இருபத்தாறு மைல், இன்றைய கணக்கில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். விடியும் முன் காற்று கொஞ்சம் அசந்திருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கொள்ளிடம் பாலத்தில் அது அசருவதே இல்லை. நீங்கள் வடக்கே போகிறீர்கள், காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதாவது இடது விலாவில் அடித்து உங்களை நடுரோட்டுக்குத் தள்ளும். ஆற்று மணல் வேறு பறந்து வந்து கன்னத்தில் குத்தும். இடது ஓரத்தை ஒட்டி, காற்றின் பக்கமாகச் சாய்ந்தே ஓட்ட வேண்டும். பாலத்தைத் தாண்டி டோல்கேட்டை அடைந்தபோது என் பல் எல்லாம் மணல்.

மண்ணச்சநல்லூர்வரை வயலும் வாழைத் தோப்புமாக இருந்ததால் பிழைத்தேன். அதற்குப் பிறகு சாலை வடமேற்கே திரும்புகிறது. பக்கக் காற்று பாதி எதிர்க்காற்றாகிவிடும். ஓரத்தில் புளியமரங்கள். மரத்துக்குப் பின்னால் காற்று இல்லை, அடுத்த இடைவெளியில் பளீரென்று ஓர் அறை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை கன்றிப்போயிற்று. கும்பகோணம், கும்பகோணம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மிதித்தேன். அந்த ஊர்மேல் வேறு விரோதம் கிடையாது.

திருவெள்ளறை வந்தபோது எட்டரை மணி. கோயில் மதில் நிழலில் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். தெம்பு வந்தது. கூடவே கர்வமும் வந்தது.

ஊரைத் தாண்டி ஒரு மைல் போயிருப்பேன். முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. வலது பக்கமாக முந்தப் போனேன். அதுவரை காற்றின்மேல் சாய்ந்தே வந்துகொண்டிருந்தேன், சுவரில் சாய்கிற மாதிரி. வண்டி பக்கத்தில் வந்ததும் வைக்கோல் காற்றை மறைத்தது. சுவரை யாரோ எடுத்துவிட்டார்கள். வண்டிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி முழங்கால் உரச விழுந்தேன். அத்தனை மைல் அடித்த காற்று என்னைத் தள்ளவில்லை, அது நின்றபோதுதான் விழுந்தேன்.

நேரம் என்று ஒன்று இருக்கிறதே, பின்னாலேயே பஸ் வந்து நின்றது. ஜன்னலில் அப்பா. பதறி இறங்கி ஓடி வந்தவர், பத்தடி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டார். முழங்கால் ரத்தத்தை அவர் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்தார்.

"இது யாரோட புடவை?"

"அம்மாவோடது."

"அவளேதான் கட்டி விட்டாளா?"

தலையாட்டினேன். பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அப்பாவின் முகம் சிவந்தது. அவமானம்தான். அவரை ஊரார் நடுவில் அப்படி நிற்க வைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

கண்டக்டர் ஏணியில் ஏறத் தயாரானார். "சைக்கிளை மேல போட்டுடலாம் சாமி. பாப்பாவை ஏறச் சொல்லுங்க. காத்து இன்னும் ஏறும்."

"ஏறு. போதும்" என்றார் அப்பா, தணிந்த குரலில்.

ஏறியிருக்கலாம். ஆனால் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இடுக்கி, கோணியிருந்த ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்கினேன். "உங்களுக்கு டிக்கெட் இருக்கோல்லியோ அப்பா? நீங்க போங்கோ. நான் வரேன்." கம்பிக்கு மேலே காலைப் போட்டேன். அம்மா கட்டிய கட்டு இம்மிகூடத் தளரவில்லை. சிறிது நேரத்தில் பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

புலிவலத்தில் தண்ணீர் கேட்டேன். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் செம்பைக் கொடுத்துவிட்டு என் கட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரு வரலீங்களா?"

"இன்னும் வரலை" என்றேன். பொய் இல்லையே.

"அவரு வர வரைக்கும் நிக்காதீங்க. மதியம் ஆனா இந்தக் காத்து மாட்டையே தள்ளும்."

நிற்கவில்லை. கடைசி எட்டு மைலில் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, பஸ் ஏறக்கூடாது என்றுதான் பேச்சு, நடக்கக்கூடாது என்று இல்லை. ஆனால் துறையூர் எல்லை வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஊருக்குள் மிதித்தேதான் நுழைந்தேன். மணி ஒன்று.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக அப்பா நின்றிருந்தார். வெளியில் எதுவும் சாப்பிடாதவர், காலையிலிருந்து பட்டினி. கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க பொண்ணுங்களா சாமி? மாப்பிள்ளைக்குத் துறையூருங்களா?"

அப்பா என் முழங்காலைப் பார்த்தார். "மாப்பிள்ளை இல்லை. இவளுக்கு உத்தியோகம் துறையூர்" என்றார். என்னிடம், "கால்ல மருந்து போட்டுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். புடவையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அது என்னை வாட்டியது. ஜெயித்துவிட்டேன், ஆனால் அப்பாவை இழந்துவிட்டேனோ என்று, துறையூரில் எனக்கு ஏற்பாடாகியிருந்த அறையில் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

கேள்வி கேட்ட பெண்ணுக்குச் சொல்வது இதுதான். ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருக்காதே. கொள்ளிடத்தில் பயமாக இருந்தால் இறங்கி நட. காற்று அடிக்கும்போது சாய்வது எல்லோருக்கும் வரும். சுவரோ லாரியோ வண்டியோ காற்றை மறைக்கப் போகிறது என்றால் அதற்கு முன்னாலேயே நிமிர்ந்துகொள், அதுதான் பாடம். திருவெள்ளறையில் வயிற்றுக்குப் போடாமல் கிளம்பாதே. துணி எதுவும் பறக்கக்கூடாது. திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும், அந்தச் சுகத்தில் பிரேக்கை மறந்துவிடாதே.

வேலையில் சேர்ந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஒரு பையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"அம்மாவோட புடவையைக் கொடு. அவளுக்கு வேணுமாம்."

துவைத்து மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இனி எப்படி ஓட்டுவது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அப்பா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பெரிய கடைத்தெரு ஜவுளிக்கடையின் சணல் முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. உள்ளே புதிய பருத்திப் புடவை, அழுக்குத் தெரியாத காப்பிக்கொட்டை நிறம், ஒன்பது கெஜம்.

"காத்துக்குக் கனமானதாக் கேட்டு வாங்கினேன்" என்றார் அப்பா.