நர்சம்மா மேல் போட்ட பழி

என் முதல் குழந்தை ஏழாம் மாதமே பிறந்து இரண்டு நாள்தான் இருந்தது. அதனால் மறுபடி உண்டானபோது, ஐந்தாம் மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார் எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா. கர்ப்பப்பையின் வாய் நீளம் குறைந்து திறந்துகொள்ளப் பார்க்கிறதா என்று உள்வழியாகப் பார்ப்பார்களாம். முன்னாலேயே தெரிந்தால் குழந்தை சீக்கிரம் வந்துவிடாமல் தடுக்கலாமாம்.

வீட்டில் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு உத்திரமேரூருக்குத் தனியாகப் போனேன். ஸ்கேன் எடுப்பவர் ஆண் டாக்டர் என்று தெரிந்ததும், பெயர் கூப்பிடுவதற்குள் எழுந்து வந்து பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் நர்சம்மா வந்தார். "ஸ்கேன் எடுத்துட்டியாம்மா?"

"இன்னா ஸ்கேன்?" என்று மாமியார் என்னைப் பார்த்தார்.

"எனுக்குத் தெரியாது அத்த. இவங்க ஒண்ணும் சொல்லலியே."

எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. மாமியார் நர்சம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு புள்ளய பறிகுடுத்துட்டு கீறோம். இதக்கூட சொல்லாம ஊர சுத்திக்கினு போறதுதான் உன் வேலையா?" குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்சம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "எம் மேலதான் தப்பு. இப்பவே நானே கூட்டிக்கினு போறேன்" என்றார்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பயமா?" என்று மட்டும் கேட்டார்.

"வெக்கமா இருந்திச்சு. ஆம்பள டாக்டரு..."

"எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே லேடி டாக்டராண்ட அனுப்பியிருப்பேனே."

அங்கே லேடி டாக்டர் ஸ்கேனில் பார்த்தபோது கர்ப்பப்பை வாயின் நீளம் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். மறுநாளே அந்த வாய் திறக்காமலிருக்கத் தையல் போட்டார்கள். ஒன்பதாம் மாதம் தையலைப் பிரித்த பிறகுதான் என் மகள் பிறந்தாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. நர்சம்மா தெருவில் வந்தால் மாமியார் கூப்பிட்டு உட்காரவைத்து, "அன்னிக்கு சொல்ல மறந்துட்ட பாரு, இவ பொயச்சதே பெருசு" என்பார். நர்சம்மா சிரித்துக்கொள்வார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் நான் உள்ளே போய்விடுகிறேன்.