பக்கத்து சீட்டுக்கு ஒரு மெசேஜ்

முந்தாநாள் அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினேன். ஒரே ஒரு சீட்தான் காலி. பக்கத்தில் யார்? என் மச்சான் — மனைவியின் அண்ணன்!

எங்கள் வீட்டு விசேஷத்தில் அவருக்கு முதல் பந்தியில் இலை போடாமல் விட்டுவிட்டோம். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. வருகிற ஞாயிறு என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியுமா? "எங்கண்ணன் வரலைன்னா காதும் குத்த வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன் அல்லவா? அதனால் மெசேஜ் போட்டேன். "ஞாயித்துக்கிழமை காதுகுத்து. வாங்க மச்சான்."

தோளோடு தோள் உரசுகிறது. மனுஷர் அசையவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி நடிக்கிறாரோ? எனக்கு ரோஷம் வந்தது. இன்னொன்று தட்டினேன். "வராட்டி போங்க. வேற மடி பாத்துக்கிறோம்."

அனுப்பிய பிறகுதான் அவர் போனை எட்டிப் பார்த்தேன். அவர் சிம் வேற கம்பெனி; சிக்னல் ஒரு கோடுகூட இல்லை!

நான் எட்டாவதோடு நின்றவன். செல்போன் கடைக்காரர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. "மெசேஜு நேராப் போகாதுண்ணாச்சி. டவருக்குப் போயி, அங்கயிருந்து எங்கயோ பெரிய டவுன்ல இருக்குற சென்டருக்குப் போகும். அவுக போன்ல சிக்னல் இல்லைன்னா, வர்ற வரைக்கும் அங்கயே வச்சிருப்பாக."

ஆக, ஒரு சாண் தூரத்துக்குப் போட்ட மெசேஜ் முகம் தெரியாத ஊரில் உட்கார்ந்திருக்கிறது... சிக்னல் வந்தால் ரெண்டும் சேர்ந்து இறங்கும். அதற்குள் சமாதானம் ஆகியே தீரவேண்டும்.

கண்டக்டர் வந்தார். பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இவுககிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காதுகுத்து. அவசியம் வரணுமாம்."

கண்டக்டர் ரெண்டு பேரையும் பார்த்தார். "ஏன், இவருக்குக் காது கேக்காதா?"

"நல்லாவே கேக்கும்" என்றார் மச்சான், கண்டக்டரிடம். "முத பந்தியில எல உண்டான்னு அவுககிட்ட கேளுங்க."

"உண்டு உண்டு!"

"அப்ப யோசிக்கிறேன்னு சொல்லுங்க."

"நான் டிக்கெட் குடுக்கவா, ஒங்களுக்கு டவரா நிக்கவா?" என்று கண்டக்டர் நகர்ந்துவிட்டார்.

யோசிக்கிறாராம்! அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி உண்டா? அந்த சென்டரில் யார் காலில் விழுவது? திருச்சுழி நெருங்கியது. டவர் தெரிந்தது.

டிங். டிங்.

மச்சான் கண்ணாடியை மாட்டினார். வாசித்தார். மறுபடி வாசித்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

என் போன் டிங் என்றது.

"எவன் மடி? நான் வெள்ளனயே வந்து மொத ஆளா உக்காந்துக்கிறேன். எவன் வாரான்னு பாப்போம்."

எங்கள் கையில் வேறு மடியே கிடையாது என்பதை இதுவரை அவருக்கு நான் மெசேஜ் போடவில்லை!