நடை சொல்லிக் கொடுப்பவரின் நடை

எங்கள் தொழிலில் நோயாளி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்து வந்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். முழங்கால் மடங்காதவர் காலை வெளிப்பக்கமாக வீசிப் போட்டு வருவார். பாதத்தைத் தூக்கும் தசை பலமிழந்தவர், தண்ணீருக்குள் நடப்பவர் மாதிரி முழங்காலை உயர உயரத் தூக்கி வைப்பார். குதிகால் வலிக்காரர் முன்பாதத்திலேயே வந்து சேர்வார். இடுப்பு மூட்டு தேய்ந்து, பக்கத்துத் தசையும் தளர்ந்தவர் அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்து நிமிர்வார்.

அந்தக் கடைசி ஆள் நான்தான். மூட்டு வலி அன்பர்களே, நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். காலையில் விழுப்புரத்தில் கிளினிக், மாலையில் திண்டிவனத்தில். போனது என் இடது இடுப்பு. என்னை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். “இப்போதைக்குக் குச்சி பிடிங்க, தசைக்குப் பயிற்சி செய்ங்க, ஆபரேஷனை அப்புறம் பார்க்கலாம்” என்றார். இதையேதான் நான் தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பல் டாக்டருக்குப் பல் போனால் பல் செட் கட்டிக்கொண்டு சிரிக்கலாம். நடை சொல்லிக் கொடுப்பவன் குச்சியோடு நின்றால் அவனிடம் யார் வருவார்கள்? அந்த பயத்தில் நான் குச்சி வாங்கவில்லை.

உருளும் ஸ்டூல்

குச்சிக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று வாங்கினேன். நோயாளி உள்ளே வரும்போது நான் அதில் உட்கார்ந்திருப்பேன். கட்டிலுக்கு உருண்டு போவேன், மேஜைக்கு உருண்டு வருவேன், வாசல் வரை உருண்டு போய் வழியனுப்புவேன். நோயாளிகள் இதைப் புது மாதிரி வைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விழுப்புரம் கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் கலைவாணியும் பிசியோதெரபி படித்தவள். அவளிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? மதியம் நான் டிபன் பாக்ஸ் கழுவக்கூட உருண்டு போவதைப் பார்த்தாள். நான் திண்டிவனம் கிளம்பும்போது சொன்னாள்: “சார், பஸ் ஸ்டாண்டுக்கும் இதுலயே போயிடுங்களேன்.”

கண்டக்டரின் கருணை

திண்டிவனத்துக்குப் பஸ்ஸில்தான் போவேன். அன்று உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் உடம்பைப் போட்டு, ஒன்றுமில்லாதவன் போல ஜன்னலைப் பார்த்து நின்றேன். கண்டக்டர் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார். மூன்றாம் முறை, மாற்றுத்திறனாளிகள் இருக்கையில் உட்கார்ந்திருந்த பையனைத் தட்டி, “எழுந்து ஜல்தியா வழி விடு, பெரியவருக்கு காலு முடியல பாரு” என்றார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இடுப்பு உட்கார்ந்துவிட்டது. கூனிக் குறுகிப் போய் உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையில் இருந்த அம்மாவை எனக்குத் தெரியும், முழங்கால் வலிக்கு என்னிடம் வருபவர். பக்கத்தில் இருந்தவளிடம் அவர் மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: “இவருதான்டி எனக்கு காலு பாக்கற டாக்டரு. இவருக்கே இப்டின்னா நம்ம கதி இன்னாடி?”

காதர் பாயின் நிபந்தனை

காதர் பாய் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊர் கோட்டக்குப்பம், துணிக்கடை திண்டிவனத்தில். இடது முழங்கால் தேய்ந்து, அந்தக் காலை ஊன்றியதும் சுட்டுவிட்டது போல எடுத்துவிடுவார். குச்சி பிடியுங்கள் என்றால் மறுத்தார். மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பார்களா, இவர் குச்சியைப் பார்ப்பார்களா என்பது அவர் கவலை.

நான் விடவில்லை. குச்சி பிடிப்பதில் என்ன வெட்கம், கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படுகிறோமா என்று பெரிய பிரசங்கமே செய்தேன். வலி இடது காலில் என்றால் குச்சி வலது கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, கிளினிக் குச்சியை எடுத்து நானே சுவர் வரை நடந்து காட்டினேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார். “அந்தக் குச்சி இருந்தாத்தான் நீங்க நேரா நடக்கறீங்க டாக்டர். மொதல்ல நீங்க வாங்குங்க, அப்புறம் நான் வாங்கறேன்.”

ஏழுமலையின் வரப்பு

விழுப்புரம் கிளினிக்குக்குக் காணை கிராமத்திலிருந்து ஏழுமலை வந்தார். டிராக்டரிலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்து, பிளேட் வைத்துச் சேர்ந்திருந்தது. “ரோட்ல நடக்கறதுக்கு ஒங்ககிட்ட இன்னாத்துக்கு சார் வர்றேன்? எனுக்கு வரப்புல நடக்கணும்” என்றார். சொந்த நிலம், நெல்லும் கரும்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும். வரப்பில் நடக்க முடியாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டியதுதான். நடை பழக்கும்போது ஸ்டூல் உதவாது. நான் முன்னால் நடப்பேன். “என்னைப் பார்த்து அப்படியே வாங்க” என்பேன். அப்படியே வந்தார்.

வலது காலில் பலம் ஏறியது. ஆனால் மனிதர் இடது பக்கம் சாய ஆரம்பித்தார். முறிந்தது வலது, சாய்வது இடது! கலைவாணி தசையைச் சோதித்தாள், கால் நீளத்தை அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நாள் அவர், வரப்பில் ஏறினால் இடது பக்கம் சேற்றில் விழுவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்ல பயிற்சி செய்யறதில்லையா? நாங்க மட்டும் மெனக்கெடணுமா?” என்று அவர் மனைவி அஞ்சலை எதிரிலேயே கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அஞ்சலை குனியவில்லை. போனை எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப எடுத்த வீடியோவைப் போட்டார். கிளினிக் வராந்தாவில் முன்னால் நான், பின்னால் ஏழுமலை. நான் இடது பக்கம் சாய்கிறேன், அவரும் சாய்கிறார். நான் நிமிர்கிறேன், அவரும் நிமிர்கிறார். கலைவாணி தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அஞ்சலை கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்: “நீங்க நடக்கற மாதிரியேதான் சார் நடக்கறாரு. வூட்லயும் தெனம் இத்த போட்டுப் பாத்துக்கினுதான் பழகறாரு.”

ஒரு மூட்டை மல்லாட்டை

மறுநாளே குச்சி வாங்கினேன். அடுத்த முறை ஏழுமலையும் அஞ்சலையும் வந்தபோது அதை வலது கையில் பிடித்து நின்றுகொண்டு, “தப்பு உங்க கால்ல இல்ல, என் கால்ல. உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அன்று முதல் அவர் கலைவாணியின் பின்னால் நடந்தார். பயந்த மாதிரி யாரும் என்னை விட்டு ஓடவில்லை. காதர் பாய்கூடச் சொன்ன சொல் தவறாமல் ஒரு குச்சியோடு வந்து சேர்ந்தார்.

ஏழுமலை நிமிர்ந்துவிட்டார். கடைசி நாளன்று, வரப்பில் நடந்தே போய்த் தண்ணீர் மடை திருப்பியதாகச் சொல்லி, ஒரு மூட்டை மல்லாட்டையை இறக்கி வைத்தார். வாசல் வரை வழியனுப்பலாம் என்று எழுந்தேன். சந்தோஷத்தில் குச்சியை மேஜையிலேயே வைத்துவிட்டேன். நான் முன்னால், அவர் பின்னால். நாலடி போவதற்குள் பின்னாலிருந்து அதட்டல் வந்தது: “சார், இடது பக்கம் சாயறீங்க! வூட்ல பயிற்சி செய்யறதில்லையா?”

ஆகவே அன்பர்களே, நடையைப் பற்றி எதைக் கேட்க வேண்டுமானாலும் என்னிடம் கேளுங்கள். பார்த்துப் பழகுவதை மட்டும் கலைவாணியிடம் வைத்துக்கொள்ளுங்கள்.