விகோவைத் தூக்கிய வியாழன்

கஜந்தி எந்தப் பூந்தொட்டியைக் கடந்தாலும் ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். பல் வைத்தியரின் காத்திருப்பறை, வங்கி, மகளின் பாடசாலை, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தேவாலயத்துப் பீடத்தடி, எதுவும் தப்பாது. இரண்டாவது கணுவரை விரல் போகும், ஒரு கணம் நிற்கும், வெளியே வரும். பிறகு சட்டை விளிம்பில் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள்போல் கூரையைப் பார்ப்பாள். இருபது வருடமாக இதைக் கண்டுவரும் கணவன் கிறிஸ்துராஜா, கலியாண மண்டபங்களில் செடிக்கு எட்டாத கதிரையாகத் தேடி அவளை இருத்துவான்.

மன்னாரில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினான்கு வருடமாக வேலை. உருளைக்கிழங்கு உரிப்பாள், கேக் வெட்டுவாள், டேனிஷில் ஓம், இல்லை, நன்றி என்ற மூன்றையும் அழகாகச் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த இல்லத்தில் இருக்கும் கெர்டாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குப் பேரப்பிள்ளைகள் பெரிய தொட்டியில் ஒரு ஜப்பானிய மேப்பிள் மரம் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். குழந்தைக் கைபோன்ற இலைகள், அத்தனையும் சிவப்பு. கெர்டா அதற்குத் தன் காலஞ்சென்ற கணவரின் பெயரையே சூட்டினார்: விகோ. பிற்பகல்தோறும் கோப்பியோடு அதன் அருகில் அமர்ந்து கதைப்பார். அந்த விகோவும் இப்படித்தான், குறுக்கே பேசாமல் கேட்பார் என்பார்.

ஒக்டோபரில் விகோ இலை முழுவதையும் கொட்டியது. காட்டு மரம் இலை கொட்டினால் கஜந்தி கவலைப்படமாட்டாள். ஆனால் தொட்டியில் நிற்பதெல்லாம் அவளுக்குக் கறிவேப்பிலைதான். ஹேர்னிங்கில் குளிர் தொடங்கினால் தமிழர் வீட்டுக் கறிவேப்பிலைகள் ஹீற்றருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைமாதிரி வந்து குந்திவிடும். அதுபோல விகோவையும் உள்ளே எடுக்கவேண்டும் என்று இல்லத்தில் தாதி உதவியாளராக வேலைசெய்யும் தமிழ்ப் பெண் ஸ்ரெபானியிடம் கெஞ்சினாள். ஸ்ரெபானியும் காவலாளியும் தொட்டியைச் சில்லுப் பலகையில் ஏற்றச் சரித்தபோது, தரை நனையாதிருக்க, அடி ஓட்டையில் ஒரு வைன் தக்கையைக் கஜந்தி அமுக்கிவிட்டாள். யாரும் காணவில்லை. அவளும் மறந்துபோனாள்.

சாப்பாட்டறைச் சூட்டில் விகோ ஜனவரியிலேயே துளிர்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏப்ரலில் வெளியே வைத்தபோது காற்று பாதி இலையைக் கருக்கியது. ஜூனில் மிச்ச இலைகள் ஓரம் பழுத்துச் சுருண்டன. தாகம் என்று எண்ணிக் காலைக்காரர் ஒரு சாடி, மாலைக்காரர் ஒரு சாடி ஊற்றினார்கள். கெர்டா மிஞ்சிய கோப்பியை ஊற்றினார். கஜந்தியின் விரல் மண் நனைந்தே கிடப்பதைத் தினமும் சொன்னது. யாரும் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று அவள் சும்மா இருந்தாள்.

ஒரு புதன்கிழமை இல்லத் தலைவி லோனே, மரத்துக்குள் பூஞ்சண நோயாக்கும், மற்றச் செடிகளுக்கும் தொற்றும், வெள்ளிக்கிழமை குப்பை வண்டியில் ஏற்றுவோம் என்றார்.

"விகோவை நான் இரண்டாம் தரம் அடக்கம் செய்யமாட்டேன்," என்றார் கெர்டா. அன்று கேக்கைத் தொடவில்லை. கெர்டா கேக்கைத் தொடாவிட்டால் அந்த வீட்டில் மணிக்கூடு நின்றமாதிரி.

கஜந்தி முற்றத்துக்குப் போய் விரலை விட்டாள். கஞ்சி. மணந்து பார்த்தாள், கூழ்முட்டை. சட்டென்று தக்கை ஞாபகம் வந்தது. நகத்தால் பட்டையைச் சுரண்டினாள், உள்ளே பச்சை. சின்னக் கிளையொன்றைச் சரிவாக வெட்டிப் பார்த்தாள், பூஞ்சணம் என்றால் தெரியும் கறுப்புக் கோடு இல்லை. இவையெல்லாம் அவள் பஸ்ஸில் போகவர ஃபோன் வீடியோக்களில் பார்த்த ஜப்பானியத் தோட்டக்காரரின் வேலை. பேச்சு விளங்காவிட்டாலும் கை விளங்கும்.

விடியவே வந்து தக்கையைப் பிடுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்தான். ஆனால் தண்ணீர் குடித்த தொட்டி அசையாது, காவலாளியோ விடுமுறையில். ஆள் கூட்டவேண்டும். கூட்டினால் களவு வெளிக்கும். இரவெல்லாம் புரண்டவள், வியாழன் காலை ஸ்ரெபானியிடம் போனாள்.

"பிள்ளை, விகோவைத் தூக்கவேணும்."

"அன்ரி, கையால பாரம் தூக்கினா லோனே என்னைத் தூக்கிப்போடும்."

"கையால ஆர் தூக்கச் சொன்னது? மெஷினால தூக்குவம்."

நடக்கமுடியாதவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கும் இயந்திரம் அது. ஸ்ரெபானி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். பிறகு ஓடிப்போய்த் தள்ளிக்கொண்டு வந்தாள். நடைவண்டிகளோடு முதியவர்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். முன்பு லொறி ஓட்டியவர் ஒருவர் இடம், வலம் என்று கைகாட்டினார். தொட்டிக்கடியில் துணித்தூளி மாட்டியதும் ஸ்ரெபானி வாய்ப்பழக்கத்தில், "விகோ, இப்போது உங்களைத் தூக்கப்போகிறோம், பயப்படவேண்டாம்," என்றாள். கெர்டா ஒரு கிளையைக் கையாகப் பிடித்துக்கொண்டார். விகோ ஆடி ஆடி வானத்துக்கு எழுந்தது.

கஜந்தி குனிந்து கையை விட்டு இழுத்தாள். தக்கை டொப்பென்று வந்தது. என்ன கூத்து என்று பார்க்க அப்போதுதான் வந்த லோனேயின் வெள்ளைச் சப்பாத்தில் ஒன்பது மாதத் தண்ணீர் கொட்டியது.

யார் இதை வைத்தது என்று கேட்டார் லோனே.

ஓம், இல்லை, நன்றி மூன்றும் கஜந்தியின் நாக்கில் வந்து நின்றன. ஒன்றும் உதவவில்லை. சேற்று விரலை உயர்த்தினாள்.

"நான்தான் வைத்தேன். உள்ளே எடுத்ததும் என்னால்தான். எங்கள் வீட்டுச் செடி என்று நினைத்துவிட்டேன். விகோவுக்கு நோயில்லை, வேருக்குத்தான் மூச்சில்லை."

பதினான்கு வருடத்தில் அவள் அங்கே பேசிய மிக நீளமான டேனிஷ் அதுதான். கெர்டா தக்கையை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அதில் இருந்த எழுத்தை வாசித்தார்.

"இது என் பிறந்தநாள் வைன். பாதிக் குற்றம் அதைக் குடித்தவளுக்கு."

முதலில் சிரித்தவர் லோனே. சப்பாத்து அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வேலை நடந்தது. அழுகிக் கறுத்த வேர்களைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கிறிஸ்துராஜா புளிப்புத்தன்மையுள்ள மண் மூட்டையும் அடியில் நாலு ஓட்டையுள்ள தொட்டியும் கொண்டுவந்தான். மரத்தை முன்பிருந்த ஆழத்திலேயே வைத்து, மதிய வெயிலும் காற்றும் படாத வடக்குச் சுவரோரம் நிறுத்தினார்கள். துளிர்க்கும்வரை உரம் கிடையாது. கஜந்தியின் விரலைக் கேட்காமல் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று லோனே எழுதி ஒட்டினார். கெர்டா இரண்டு துண்டு கேக் கேட்டார்.

குளிரில் தூங்கவேண்டிய மரமென்பதால், அடுத்த குளிர்காலம் முழுவதும் விகோ வெளியிலேயே பனிக்குள் நின்றது. இன்று இரண்டு கிளை இல்லை, மற்றவற்றில் இலை இருக்கிறது. கெர்டாவுக்குத் தொண்ணூற்றொன்று. தக்கை கஜந்தியின் ஏப்ரன் பையில் கிடக்கிறது.